வடிவின் தூக்கம்

வலது பக்கம் படுத்தால் இருபது நிமிடம். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைத்துக்கொண்டால், நல்ல நாளாக இருந்தால், அரை மணி நேரம். இடது பக்கம் என்ற ஒன்று கோமதிநாயகத்துக்குப் பதினோரு வருஷமாகக் கிடையாது. இன்று தரையில் போட்ட மெத்தையில் மல்லாந்து படுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடத்தில் சூடு ஏற ஆரம்பித்துவிட்டது. இனி அது தொடைக்குப் பின்னால் இறங்கும், முழங்கால் மடிப்பில் கொஞ்சம் நிற்கும், கெண்டைக்காலில் கயிறு மாதிரி முறுக்கும், கடைசியில் சுண்டுவிரலில் போய்க் குத்தும். வழி அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. தென்காசியில் சாரல் காலம். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மலைப்பக்கத்திலிருந்து ஈரக்காற்று ஜன்னல் வழியாக வந்து கால் மேல் ஏறிப் போகிறது. ஊருக்கே பிடித்த காற்று. அருவியில் குளிக்க வருகிற கூட்டமெல்லாம் இந்தக் காற்றையும் சேர்த்துத்தான் தேடி வருகிறது. அவருக்கு இந்த இரண்டு மாதமும் சுண்டுவிரலில் ஊசி ஏறும். எழுந்து ஜன்னலைச் சாத்தலாம். எழுவதென்றால் முதலில் வலது பக்கம் உருள வேண்டும், முழங்கையை ஊன்ற வேண்டும், பக்கத்துக் கட்டிலின் காலைப் பிடிக்க வேண்டும், ஒரு மூச்சு நிறுத்திக்கொள்ள வேண்டும். வடிவு இருந்தால் சொல்லாமலே சாத்தியிருப்பாள். கட்டில் காலியாகக் கிடந்தது. போர்வையை நாலாக மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு, ஊருக்குப் போகிறவள் மாதிரி விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஊருக்குத்தானே போயிருக்கிறாள். நேற்றுக் காலை ராஜபாளையத்துக்கு, தம்பி நயினார் வீட்டுக்கு. அங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவில்லை. தூங்குவதற்காகப் போயிருக்கிறாள்.

கட்டின பெண்டாட்டி தூங்குவதற்காக அறுபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போனாள் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா. காலையில் எதிர்வீட்டு வாத்தியார் கேட்டதற்குத் தம்பி வீட்டில் ஒரு சோலி என்று சொல்லிவைத்தார். வாத்தியார் தலையாட்டிவிட்டு வழக்கம்போல இடுப்பைப் பார்த்து, இப்ப எப்படி இருக்கு, பார்த்தா நல்லாத்தான் தெரியுது என்றார். பார்த்தால் எல்லோருக்கும் நல்லாத்தான் தெரிகிறது. கட்டு இல்லை, கம்பு இல்லை, நொண்டலும் அவ்வளவு இல்லை. லைன்மேனாக இருபத்திரண்டு வருஷம் போஸ்ட் ஏறின ஆள் விழுந்துவிட்டார் என்றால் கேட்கிறவன் முகம் உடனே மாறும், கரண்ட் அடிச்சுதா என்பான். இல்ல, வேலையெல்லாம் முடிச்சு இறங்கும்போது ஏணியில கால் வழுக்கிருச்சு, ஆளு உயரத்துலேர்ந்துதான். அவ்வளவுதானா என்கிற மாதிரி அந்த முகம் தணிந்துவிடும். கரண்ட் அடித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்குமோ என்று கோமதிநாயகமே சில சமயம் நினைத்ததுண்டு. ஏழு அடி. விழுந்த அன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் காலையில் இடது காலைத் தரையில் வைக்க முடியவில்லை. அதிலிருந்து ஒரு ஆபரேஷன், அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதுவும் முடியாமல் முன்கூட்டியே ஓய்வு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பார். முதல் தடவை ஏழு என்று சொன்னார். அடுத்த மாதம் ஆறு என்றதும் டாக்டர் முகத்தில் ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து ஆறு என்றே சொல்லி வருகிறார். ஆறு என்றால் என்ன. லைனில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கக் கருவி இருக்கிறது, முள் காட்டும், நாலு பேர் எட்டிப் பார்த்து ஆமாம் என்பார்கள். இதை எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. புண்ணெல்லாம் எப்பவோ ஆறிருச்சு, நரம்புதான் மறக்க மாட்டேங்குது, நீங்க இதோட இருக்கப் பழகிக்கணும் என்றார் டாக்டர். பழகிக்கொள்ளலாம். ஒரு வலியோடு பழகலாம். தூக்கம் இல்லாமல் எப்படிப் பழகுவது. கண்ணை மூடினால் நாற்பது நிமிடம், முழிப்பு, திரும்ப அரை மணி, முழிப்பு. பிறகு இப்படிப் பட்டப்பகலில் மெத்தையைப் போட்டுக்கொண்டு அசலூர்க்காரன் மாதிரி சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. சூடு இப்போது முழங்கால் மடிப்புக்கு வந்திருந்தது. ஜன்னலைச் சாத்தவேண்டும். அப்புறம் சாத்தலாம்.

வடிவு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, களிம்பு பூசிக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு ஆவி அடிச்சிருச்சு என்றாள். ஆவி அடித்தால் இப்படிக் கோடு போட்ட மாதிரி சுடாது என்று அவருக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ரொம்ப மோசமான நாள், எட்டு என்று சொல்லலாம், தன் காலைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தெம்பில்லை. இரண்டு நாள் கழித்து, காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது, அவளாகவே சொன்னாள்.

"ஆவி அடிக்கல. அண்டாவுல சோத்தைக் கிண்டிக்கிட்டு நின்னேன், அப்படியே தூங்கிட்டேன். கை விளிம்புல பட்டுருச்சு."

"நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான். சுட்ட பெறவுதான் முழிச்சேன். பக்கத்துல புள்ளைங்க யாரும் இல்ல, நல்லவேளை."

அவள் இன்னும் இரண்டு துணி மடித்தாள். பிறகு ஏதோ செய்யக்கூடாததைக் கேட்கிறவள் மாதிரி, துணியைப் பார்த்துக்கொண்டே, "நாலு நாளைக்கு நயினாரு வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

"என்ன விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. தூங்கணும்."

போயிட்டு வா என்று உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதில் அவருக்கே ஒரு பெருமை. லீவு சொல்லிவிட்டு, புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து வைத்து, மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்து, புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி நேற்றுக் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தார். பையைத் தோள் மாற்றிக்கொண்டாள், திரும்பவில்லை. அதில் ஒன்றும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். ஆனால் அப்படித் தோள் மாற்றியது நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்ததா, சும்மா கை மாற்றினதா. கை மாற்றினதுதான். வலது கையில் காயம் இருக்கிறதே, அதனால்தான். இல்லை, வலது கையிலிருந்து இடது கைக்கா, இடதிலிருந்து வலதுக்கா.

அந்தச் சின்ன அறையைக் காலி செய்யலாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். சமையலறையை ஒட்டி ஒரு அறை, அரிசி டிரம்மும் பழைய பீரோவும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் கிடக்கிறது, ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். முதல் தடவை நாலு வருஷத்துக்கு முன்னால். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இரண்டாவது தடவை. இரண்டு தடவையும் அவர் சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். சும்மாதான் சொன்னேன், விடுங்க என்று அவளே முடித்துவைத்தாள். அப்படிப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது, ஆனால் அவளிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. ராத்திரி முழிப்பு வரும்போதெல்லாம் கட்டிலிலிருந்து அவள் கை கீழே வரும், இருட்டில் அவர் தோளைத் தடவிக் கண்டுபிடிக்கும், வலிக்கா என்பாள், இல்ல தூங்கு என்பார். ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை, நாலு தடவை. அந்த நாலு தடவைக்காகத்தான் அவர் மற்ற நேரமெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தார். அது போதாதென்று இன்னொன்றும் உண்டு. அதை நினைக்கக் கூடாது என்றுதான் நேற்றிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார், இப்போது காற்று சுண்டுவிரலில் ஏறிய ஏறலில் அது வந்தே விட்டது. சில சமயம் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமூச்சு விட்டிருக்கிறார். தண்ணிச் சொம்பைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கிறார். அவள் முழிக்கட்டும் என்று. ஒரு தடவை, இரண்டு தடவை. இல்லை, பல தடவை. அவள் கை கீழே வரும். இல்ல, தூங்கு என்று பெரிய மனசு பண்ணிச் சொல்வார். அண்டா விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றபடி தூங்கினாளே, அதில் இவர் விட்ட பெருமூச்சு எத்தனை.

வராமல் இருந்துவிட்டால். அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை. முப்பது வருஷம். ஓசூரில் மகன் இருக்கிறான், இந்த வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, வராமல் எங்கே போவாள். ஆனால் அவள் இப்போது தூங்கிப் பார்த்திருப்பாள். ஒரு ராத்திரி முழுக்க யாரும் எழுப்பாமல் தூங்கிக் காலையில் எழுந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அது ஞாபகம் வந்தவள் புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்கும்போது, தென்காசி பஸ் வந்து நிற்கும்போது, ஏறுவாளா, ஒரு நிமிடம் யோசிப்பாளா. வருவாள். கடமைக்கு வருவாள். வந்து இந்தக் கட்டிலில் படுத்து, கையைக் கீழே போட்டு, வலிக்கா என்பாள். அப்போது அந்தக் குரலில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அவர் காதுக்கு அது தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக இருட்டில் கேட்டுக்கொண்டே கிடக்கிற காது. ஒருவேளை ஏற்கெனவே வேறு மாதிரி ஆகிவிட்டதோ, அவர்தான் கவனிக்கவில்லையோ. கடைசியாக எப்போது கேட்டாள், வெள்ளிக்கிழமை, என்ன குரலில் கேட்டாள். நினைத்துப் பார்த்தார். குரல் வரவில்லை. வலிக்கா என்ற சொல் மட்டும் வந்தது, யார் குரலும் இல்லாமல், அச்சடித்த மாதிரி. அதுதான் பயமாகிவிட்டது. வலது பக்கம் உருண்டு, முழங்கையை ஊன்றி, கட்டில் காலைப் பிடித்து, மூச்சை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தார். போனை எடுத்தார். மணி மூன்று ஆகப்போகிறது. என்ன பேசுவது என்று யோசிக்காமல் வடிவின் நம்பரைப் போட்டார். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தது நயினார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அத்தான், நயினார் பேசுறேன். அக்கா தூங்குது."

"எப்ப படுத்தா?"

"நேத்து மத்தியானம் வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தது. ராத்திரி நாங்கதான் எழுப்பி இட்லி குடுத்தோம், கண்ணைத் தொறக்காமலே தின்னுட்டுப் படுத்துருச்சு. காலையில எந்திச்சு ஒரு காப்பி குடிச்சுது. அப்ப படுத்ததுதான்." கொஞ்சம் தயங்கினான். "பக்கத்து வீட்டுல டைல்ஸ் அறுக்கான் அத்தான். காது கிழியுது. அதுக்குக்கூட அசையல. என் வீட்டுக்காரி பயப்படுதா, ஒரு டாக்டரக் கூப்பிட்டுக் காட்டிருவோமாங்கா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்."

"உடம்புக்கு எதும்…"

"ஒண்ணுமில்ல. அவ அப்படித்தான் தூங்குவா."

"ஆமா, சின்னதுல அப்படித்தான் தூங்கும். எங்க அம்மை தண்ணி தெளிச்சு எழுப்பும். எனக்கே மறந்து போச்சு" என்றான் நயினார். "எந்திச்சா ஒங்களுக்குப் போன் பண்ணச் சொல்லட்டுமா?"

"சொல்லாத. நான் பண்ணுனேன்னே சொல்லாத."

போனை வைத்த பிறகும் அது கையிலேயே இருந்தது. அவ அப்படித்தான் தூங்குவா. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை. புளியங்குடியில் வாடகை வீட்டில் இருந்த வருஷம், கல்யாணமான புதுசு. மழை நாளில் லைன் அறுந்துவிட்டதென்று கூப்பிட்டால் போய்விட்டு விடியக்காலம் வந்து கதவைத் தட்டுவார். பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், எதிர்வீட்டுக்காரர் இருமிக்கொண்டு வெளியே வருவார், நாய்கள் எல்லாம் குரைத்து முடிக்கும், வடிவு எழமாட்டாள். பின்சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனால் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடப்பாள். ஈரச் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் எப்ப வந்தீங்க என்று கேட்பாள். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார், என் வீட்டுல இடி விழுந்தாலும் ஒரு ஆளு எந்திக்காது என்று. அந்தத் தூக்கம் எப்போது போனது. அவருக்கு ஒரு தேதிகூடத் தெரியவில்லை. தன் தூக்கம் போன நாள், நேரம், ஏணியின் எத்தனையாவது படி என்பது வரைக்கும் தெரிகிறது. பக்கத்தில் கிடந்தவளுடைய தூக்கம் அப்படியே சத்தமில்லாமல் போயிருக்கிறது, யாரும் வந்து பார்க்கவில்லை, எத்தனை என்று கேட்கவில்லை. டைல்ஸ் அறுக்கிற சத்தத்துக்கு முழிக்காதவள் இவர் சத்தத்துக்கு முழித்திருக்கிறாள். அப்படி என்ன சத்தம் அது. நீங்க முனகுறீங்க என்பாள். நான் வாயே தொறக்கல என்பார். உண்மையாகவே அவருக்குக் கேட்டதில்லை.

போனில் ஒலிப்பதிவு செய்கிற வசதி இருந்தது. கோயில் கும்மிப் பாட்டுகளை வடிவு தன் போனில் பதிந்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். நாலைந்து தடவை தப்பாகத் தொட்டு, பிறகு கண்டுபிடித்து, சிவப்புப் புள்ளியை அழுத்தி, அவள் தலையணையில் வைத்தார். தன் இடத்தில் படுத்தார். முனகி நடிக்க அவருக்கு வராது, தேவையும் இல்லை. இடது பக்கம் திரும்பினால் போதும். திரும்பினார். இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒரே இழுப்பு, கண்ணுக்குள் வெள்ளையாக அடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார், திரும்பி மல்லாந்தார். சத்தமே போடவில்லை என்றுதான் நினைத்தார். எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போட்டுக் கேட்டார். முதலில் ஃபேன் ஓடுகிற சத்தம். துணி உரசுகிற சத்தம். பிறகு அது. நீளமாக, கீழே ஆரம்பித்து மேலே ஏறி, நடுவில் உடைந்து, கடைசியில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி முடிந்தது. அது அவர் குரல் இல்லை. யாரோ ஒரு ஆள், வயசு தெரியவில்லை, குழிக்குள் விழுந்து கிடக்கிற ஆள். கேட்டதும் அவர் கை தானாகக் கட்டிலுக்குக் கீழே போனது, தடவிப் பார்க்கிற மாதிரி. அங்கே யாரும் இல்லை, மெத்தைதான் இருந்தது. இதைத்தான் ஒரு ராத்திரிக்கு நாலு தடவை, பதினோரு வருஷம். இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு யார் தூங்குவார்கள்.

அரிசி டிரம்மை நகர்த்த அரை மணி நேரம் ஆனது. தூக்க முடியாது, காலால் தள்ளக் கூடாது, சுவரில் முதுகைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து உருட்டினார். உடைந்த நாற்காலியைப் புறவாசலில் எறிந்தார். குனிந்து கூட்ட முடியாது என்பதால் நின்றபடியே விளக்குமாற்றை நீட்டி நடுவில் மட்டும் கூட்டினார், ஓரத்துக் குப்பை ஓரத்திலேயே இருந்தது. மெத்தை இலவம்பஞ்சு, கனம். அதன் ஒரு முனையில் கைலிச் சாரத்தைக் கட்டி, சாரத்தின் மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்து பார்த்தார், இரண்டு அடிக்கு மேல் முடியவில்லை. இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்து இழுத்தார். நாலு அடி இழுப்பது, சுவரைப் பிடித்து நிற்பது, உதட்டுக்கு மேல் வேர்வையைத் துடைப்பது, நாலு அடி. நடுவில் ஒரு தடவை இது என்ன கிறுக்குத்தனம், புதன்கிழமை அவள் வந்தால் பத்து நிமிடத்தில் செய்துவிடுவாள் என்று தோன்றியது. அவள் வந்தால் செய்ய மாட்டாள். அவர் முகத்தைப் பார்ப்பாள், வேண்டாம் என்பாள், அவரும் சரி என்றுவிடுவார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே செய்ய வேண்டும். மெத்தையை உள்ளே சேர்த்துவிட்டுப் பீரோவில் சாய்ந்து நின்றபோது கால் அவருடையதாகவே இல்லை. பத்துக்கு எத்தனை என்று இப்போது யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

மறுபடியும் போனை எடுத்து, புள்ளியை அழுத்தி, வடிவின் தலையணையில் வைத்தார். படுக்கையறைக் கதவைச் சாத்தினார். சமையலறையைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்தினார். அறையில் ஃபேன் இல்லை, அரிசி வாசனை அடித்தது, சுவர் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. படுத்து, கொஞ்ச நேரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பினார். இந்தத் தடவை காது கொடுத்துக்கொண்டிருந்ததால் அவருக்கே கேட்டது. முன்னைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. அப்படியே கிடந்து, அது இறங்குகிறவரை நூறு வரைக்கும் எண்ணி, பிறகு இன்னொரு நூறு எண்ணி, எழுந்து, இரண்டு கதவையும் திறந்து வந்தார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெத்தை கிடந்த காலி இடத்துக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து போட்டுக் கேட்டார். ஃபேன். தெருவில் ஒரு வண்டி போனது. ஒரு காகம் இரண்டு தடவை கத்தியது. ஃபேன். அவ்வளவுதான். சத்தத்தை முழுசாகக் கூட்டி, காதில் அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். ஃபேன், வண்டி, காகம். கதவு இரண்டும் நன்றாகத்தான் அடைக்கிறது, அவள் கண்டிப்பாகத் தூங்குவாள். மூன்றாவது தடவையும் போட்டார். பாதிவரை கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், எதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் பிடிபட்டது. எங்கேயாவது, லேசாகவாவது, கேட்டுவிடாதா என்று.

கேட்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு அந்தப் பதிவை அழித்தார். அதற்கு முந்தினதையும் அழித்தார். அவள் தலையணையைத் தட்டி நேராக வைத்து, ஜன்னலைச் சாத்தாமல் விட்டுவிட்டு, தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சின்ன அறைக்குப் போனார்.